மஞ்சக்குப்பம் குடும்பம்

விஜயா அத்தை: மாடி அறை ஏசியில் கேஸ் கசிகிறது என்கிறார் மெக்கானிக். பாப்பா இரவெல்லாம் அங்கேதான் தூங்கினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

செல்வம் சித்தப்பா: ஏசியில் இருப்பது ஆர்-32 கேஸ்தானே அக்கா? 52 சதவீதம் கலந்த காற்றில் எலிகளை 4 மணி நேரம் வைத்தும் சாகவில்லையாம். கேஸின் பாதுகாப்புத் தகவல் தாளிலேயே போட்டிருக்கிறது.

கார்த்திகா: அத்தை, ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பாப்பா எப்படி இருக்கிறாள்?

விஜயா அத்தை: இட்லி வேண்டாம் என்று வீட்டைச் சுற்றி ஓடுகிறாள்.

கார்த்திகா: அப்படியென்றால் கவலை வேண்டாம். வீட்டு ஏசியில் இருப்பதே ஒரு கிலோவுக்கு முன்பின்தான். மொத்தமும் கொட்டினாலும் அறைக் காற்றில் ஒன்றிரண்டு சதவீதம்.

சித்தப்பா, அந்த எலிக் கணக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். கேஸ் பாதி இடத்தை அடைத்தால் ஆக்சிஜன் 21-லிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எலி மூச்சுத் திணறியே செத்துப்போகும். அப்போது கேஸ் நஞ்சா என்பது தெரியவராது. அதனால் சோதனையில் தனியாக ஆக்சிஜன் கலந்து 19 சதவீதத்துக்குக் குறையாமல் வைப்பார்கள். நம் படுக்கையறையில் யார் கலப்பது?

செல்வம் சித்தப்பா: இதை அந்தத் தாளில் போடவில்லையே!

கார்த்திகா: போடமாட்டார்கள். எங்கள் ஆய்வகத்தில் எலியைக் குழாயில் நுழைத்து, கேஸை முகர மூக்கை மட்டும் நீட்டவிடுவோம். பிறகு 14 நாள் பார்ப்போம்: எடை இறங்குகிறதா, மூக்கோரம் சிவப்பாகக் கசிகிறதா என்று. பாதி எலிகள் சாகும் அளவு எது என்பதுதான் கேள்வி. இதயம் தடுமாறுமா என்பதற்கு அதில் பதில் இல்லை. அதற்கு நாய்களுக்கு அட்ரினலின் கொடுத்துத் தனியாகச் சோதிப்பார்கள். கார் ஏசியின் ஆர்-134ஏ எலியிடம் 50 சதவீதம் வரை தேறிவிட்டது; நாயிடம் 8 சதவீதத்திலேயே துடிப்பு பிசகியது.

முருகன் மாமா: முதுநகரில் எங்கள் ஐஸ் பாக்டரி அம்மோனியா எப்படி?

கார்த்திகா: அது வேறு ரகம் மாமா. பத்து லட்சத்தில் 300 பங்கு இருந்தாலே உயிருக்கு ஆபத்து. ஆனால் அதற்கு வெகு முன்பே மூக்கு விரட்டிவிடும். ஆர்-32க்கு வாடையே கிடையாது என்று சொல்லலாம்.

விஜயா அத்தை: வெள்ளிக்கிழமை. சாம்பிராணி போடலாமா?

கார்த்திகா: அந்த அறையில் வேண்டாம் அத்தை. ஆர்-32 தீப்பிடிக்கும். நெருப்பில் பட்டால் ஹைட்ரஜன் ஃபுளோரைடு கிளம்பும். அது சுத்தமான நஞ்சு. மெக்கானிக்கிடமும் சொல்லிவையுங்கள்.

விஜயா அத்தை: அவர் பீடியோடு படியேறுகிறார்.

கார்த்திகா: கீழேயே அணைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்!