உறுதிக் கந்தோருக்கு வேகமான ஸ்கேனர்: தாள் இழுக்கிற மெஷினா, கண்ணாடி மெஷினா?

கல்லடிப்பாலம்:
மட்டக்களப்பு டவுனில ஒரு நொத்தாரிசுக் கந்தோருக்கு ஸ்கேனர் எடுக்க வேணும். ஒரு நாளைக்கு 80 பக்கம் போல வேலை. அதைவிட ரெண்டு அலுமாரி நிறையப் பழைய கோவைகள், ஏறக்குறைய 12,000 தாள், ரெண்டு பக்கமும் எழுத்து. காணி உறுதி, நன்கொடை உறுதி, அற்றோணித் தத்துவம், நில அளவைப் படம், அடையாள அட்டைக் கொப்பி எல்லாம் கலந்து கிடக்கு. உறுதிகள் லீகல் தாளில. கண்ணாடி ஸ்கேனரே காணும் எண்டு ஒரு கடையில சொல்றாங்க, தாள் இழுக்கிற மெஷின்தான் வேணும் எண்டு மற்றக் கடையில. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கரவாகு:
ரெண்டு பக்கத்தையும் ஒரே இழுவையில வாசிக்கிற மெஷின்தான் தம்பி. கணக்கைப் பாருங்க. கெனன் லைடு 400 ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐயில (அங்குலத்துக்கு 300 புள்ளி) 8 செக்கனில எடுக்கும். மூடியைத் தூக்கி, தாளைப் புரட்டி, நேரா வைக்கிறதோட பக்கத்துக்கு 15 செக்கன் எண்டு வைப்பம். 24,000 பக்கத்துக்கு 100 மணித்தியாலம். எப்சன் டிஎஸ்-530 நிமிசத்துக்கு 35 தாள், ரெண்டு பக்கமும் சேர்த்து 70 பக்கம். அதே 12,000 தாளுக்கு ஓடுற நேரம் ஆறு மணித்தியாலத்துக்கும் குறைவு. கண்ணாடியில நிண்டு ஆள் களைச்சுப் போனா வேலை அரைவாசியில நிண்டுடும். அப்படி நிண்டுபோன அலுமாரிகள் எத்தனையோ கந்தோரில கிடக்கு.

எழுவான்:
காக்கா, பெருக்கல் சரி. ஆனா ஆறு மணித்தியாலம் எண்டது பின் கழட்டின, மடிப்பு நீவின, ஒரே அளவான தாளுக்கு. பழைய உறுதிக் கட்டில பின் துருப்பிடிச்சு தாளோட ஒட்டியிருக்கும், மூலையை நூல் போட்டுத் தைச்சிருக்கும். நாலு தாள் உள்ள ஓர் உறுதியை அவிழ்த்து, திரும்பச் சேர்த்து வைக்க ஒரு நிமிசம் எண்டாலும் 3,000 உறுதிக்கு 50 மணித்தியாலம் அதுக்கே போகும். நிமிசத்துக்கு 35 ஓடினா என்ன, 70 ஓடினா என்ன, அந்த 50 குறையாது.

மற்றது, 40 வருசம் மடிச்சு வைச்ச உறுதி மடிப்பில கிழிய நிக்கும். அதை ரோலருக்குள்ள குடுத்தா மடிப்பில பிடிச்சு ரெண்டாக்கும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அசையாச் சொத்துக் கைமாற்றத்தை வெளியில விட்டிருக்கு. ஸ்கேன் எத்தனை இருந்தாலும் அசல் தாள்தான் உறுதி. அதைக் கிழிச்சுப் போட்டு பிடிஎஃப் வைச்சிருக்கிறதில பலன் இல்லை.

கரவாகு:
அதுக்குத்தானே தாளுறை இருக்கு. கிழிஞ்ச தாளை ரெண்டு பிளாஸ்டிக் தகட்டுக்கு நடுவில வைச்சு அனுப்பினா ரோலர் தகட்டைத்தான் தொடும், தாளைத் தொடாது. ஒரு உறை 500 தடவை அளவில தாங்கும், கீறல் விழுந்தா மாத்துறது.

எழுவான்:
ஸ்கேன்ஸ்னாப் எண்ட ஸ்கேனர் வகைக்கு விக்கிற அந்த உறையின்ர அளவு 216க்கு 297 மில்லிமீற்றர். லீகல் தாள் 216க்கு 356. கீழே 59 மில்லிமீற்றர் வெளியில நிக்கும். உறுதியில அந்தக் கீழ்ப்பகுதியில என்ன இருக்கு? ஒப்பம், சாட்சிகள், நொத்தாரிசின்ர முத்திரை.

படுவான்:
அதே 59 மில்லிமீற்றர் உங்கட கண்ணாடியிலயும் வெளியிலதானே அண்ணன்? லைடு வகையின்ர கண்ணாடியும் 297தான். ஒரு பக்கத்தை ரெண்டு தரம் எடுத்து ஒட்ட வேணும். கண்ணாடிதான் வேணும் எண்டா லீகல் அல்லது ஏ3 கண்ணாடி எண்டு கேட்டு எடுக்க வேணும், அது சின்ன மெஷினில வராது.

நான் வேற வழி சொல்றன். பாவிச்ச ஏ3 போட்டோக்கொப்பி மெஷின். மேல தாள் இழுக்கிற பகுதி, கீழ ஏ3 கண்ணாடி, லீகலும் போகும், நில அளவைப் படமும் போகும். கொப்பி அடிக்கவும் உதவும். கல்முனையிலயும் டவுனிலயும் திருத்த ஆள் இருக்கு.

கல்லடிப்பாலம்:
படுவான் அண்ணன், அது கணினிக்கு அனுப்புமா? கந்தோரில விண்டோஸ் 11.

படுவான்:
அனுப்பும், ஆனா அங்கதான் சிக்கல். பழைய மெஷின் பங்கிட்ட போல்டருக்குள்ள போட எஸ்எம்பி எண்ட கோப்புப் பங்கிடுற முறையின்ர முதல் பதிப்பைப் பாவிக்கும். 2017இல வந்த விண்டோஸ் 10இன்ர 1709 பதிப்பில இருந்து அதைத் தானாகப் போட்டு வைக்கிறதில்லை. மெஷின் “தொடர்பு இல்லை” எண்டு காட்டும், கடைக்காரன் வயரை மாத்திப் பார்ப்பான். எஸ்எம்பி முதல் பதிப்பைத் திரும்பத் திறக்கப் போகாதீங்க, வைரஸ் வாற வாசல் அது. மெஷினில எஃப்டிபி, அதாவது கோப்பு அனுப்புற மற்ற வழி, இருக்கா எண்டு பார்த்து, கணினியில சின்ன எஃப்டிபி சேவர் ஒண்டைப் போட்டு அந்த வழியா எடுங்க. எஃப்டிபியும் இல்லாத மெஷின் எண்டா வாங்காதீங்க.

இன்னொண்டு: மேல தாள் போடுற பகுதி ரெண்டு வகை. ஒண்டு தாளை உள்ளுக்குப் புரட்டித் திரும்ப இழுக்கும், அதனால ரெண்டு பக்க வேலைக்கு வேகம் பாதிக்கும் கீழே இறங்கும், தாளும் ரெண்டு தரம் வளையும். மற்றது ஒரே ஓட்டத்தில ரெண்டு பக்கமும் வாசிக்கும். ரெண்டாவதைத்தான் கேட்டு எடுங்க.

கரவாகு:
கொப்பி மெஷினை நான் ஒத்துக்கொள்ள மாட்டன். தாள் உள்ளுக்குள்ள அரைவட்டம் அடிச்சு வெளியில வாற பாதை அது. மெல்லிய காபன் கொப்பி சுருளும், லமினேற் பண்ணின பழைய அடையாள அட்டை போகவே போகாது. தனி ஸ்கேனரில பாதை நேரானது, மேல போட்டா முன்னால விழும். ரிக்கோ எஃப்ஐ-8170, நிமிசத்துக்கு 70 தாள், தட்டில 100 தாள் நிக்கும், பிளாஸ்டிக் அட்டையும் போகும். லீகலும் உறை இல்லாம அப்படியே போகும். புஜிட்சு எண்டு தேடாதீங்க, அந்த ஸ்கேனர் பகுதியை 2022இல ரிக்கோ வாங்கி 2023இல பேரை மாத்திட்டாங்க. பழைய எஃப்ஐ-7160 நல்ல நிலையில கிடைச்சாலும் எடுக்கலாம், 60 தாள் ஓடும். எடுக்கேக்குள்ள மென்பொருளில எண்ணியைத் திறந்து ரோலர் எத்தனை தாள் ஓடியிருக்கு எண்டு பாருங்க. 2,00,000 தாளுக்கு, இல்லாட்டி வருசத்துக்கு ஒருக்கா, ரோலர் ரெண்டையும் மாத்தச் சொல்லியிருக்கு. மாத்தினாலும் எண்ணியைப் பூச்சியமாக்காம விட்டிருப்பாங்க, அதையும் கேளுங்க.

தம்பிலுவில்:
மாதிரி பற்றிப் பேசுறதுக்கு முதல் டிரைவரைப் பேசுங்க. ஸ்கேன்ஸ்னாப் ஐஎக்ஸ்1600 வேகமும் நல்லம், 40 தாள், பாவிக்கவும் லேசு. ஆனா ட்வெயின் டிரைவர், அதாவது வேற மென்பொருளும் ஸ்கேனரை இயக்க விடுற இணைப்பு, இல்லை. அவங்கட சொந்த மென்பொருளுக்குள்ளதான் ஓடும். கந்தோர் மென்பொருள் ஒண்டுக்குள்ள நேரா எடுக்க வேணும் எண்டா அது உதவாது. எஃப்ஐ வரிசையிலயும் எப்சன் டிஎஸ் வரிசையிலயும் ட்வெயின் இருக்கு. நாப்ஸ்2 எண்ட இலவச மென்பொருள் இவைகளோட ஓடும், தமிழ், ஆங்கிலம், சிங்களம் மூண்டையும் டெசராக்ட் எண்ட எழுத்து வாசிக்கிற மென்பொருளை வைச்சு வாசிச்சு, தேடக்கூடிய பிடிஎஃப்பாக்கித் தரும். அச்சடிச்ச எழுத்துக்கு நல்லா வேலை செய்யும். கையெழுத்தில எழுதின பழைய உறுதியை அதுகிட்ட குடுத்து எதிர்பார்க்க வேணாம், அதுக்குக் கோப்பின்ர பேர்தான் துணை. ஆண்டு முதல், பிறகு உறுதி இலக்கம், பிறகு காணி உள்ள கிராமம். “ஸ்கேன்0001” எண்டு 3,000 கோப்பு கிடந்தா அலுமாரியில தேடுறது அதைவிட லேசு.

ஒரு பக்கம் மட்டும் வாசிக்கிற பிரிண்டர் ஸ்கேனர் ஏற்கனவே இருந்தா, நாள் வேலைக்கு அதையே பாவிக்கலாம். முன்பக்கம் எல்லாம் ஓடவிட்டு, கட்டை அப்படியே திருப்பிப் பின்பக்கம் ஓடவிட்டு, நாப்ஸ்2இல பக்கங்களை மாறிமாறிக் கோக்கிற கட்டளை குடுங்க. பின்பக்கம் கடைசித் தாளில இருந்து தொடங்கும், அதால தலைகீழாகக் கோக்கிற கட்டளையைத் தெரிவு செய்ய வேணும். நடுவில ஒரு தாள் சேர்ந்து போனா முழுக் கட்டும் பிழைக்கும், ஆகவே ஒருதரம் 20 தாளுக்கு மேல போடாதீங்க.

எழுவான்:
இந்தச் “சேர்ந்து போறது”தான் என்ர பயம். மாரியில தாள் ஈரம் பிடிச்சுத் தொய்ஞ்சு ஒண்டோடொண்டு ஒட்டும். கச்சான் அடிக்கிற மாசங்களில காய்ஞ்சு நிலைமின்சாரத்தில ஒட்டும், தூசியும் வரும். வருசத்தில பாதி நாள் ரெண்டு தாள் ஒண்டாப் போகும். கண்ணாடியில பக்கம் தவறாது.

கரவாகு:
அதுக்குத்தான் ஒலி அலையால ரெண்டு தாளைப் பிடிக்கிற உணரி. டிஎஸ்-530இலயே இருக்கு. ரெண்டு தாளுக்கு நடுவில காத்து நிண்டா அலை குறையும், மெஷின் நிக்கும். உணரி இல்லாத மெஷினை உறுதிக்கு எடுக்கவே கூடாது, அதில எழுவானோட நானும் ஒண்டு. உங்கட ஆவணத்தில இதுக்கு ஒரு தொந்தரவு வரும்: ஒட்டின முத்திரையையும் ரெண்டாவது தாள் எண்டு நினைச்சு நிக்கும். எஃப்ஐ வகையில அந்த இடத்தை விட்டுப் பார்க்கச் சொல்லி வைக்கலாம். எரிச்சலில முழுசா அணைச்சு விட்டா பக்கம் போறது ஒருத்தருக்கும் தெரியாது.

ஈரத்துக்கு: கட்டை விசிறி, மேசையில தட்டி, 15 தாளாப் போடுங்க. நிரப்பிப் போடாதீங்க. காபன் கொப்பியும், காபன் இல்லாம பதியிற பில் தாளும் ரோலரைச் சீக்கிரம் வழுக்க வைக்கும், அந்தத் தாளின்ர இரசாயனம் ரப்பருக்குக் கூடாது. அது ஓடின நாள், ஐசோபுரொபைல் மதுசாரம் தொட்ட, நூல் விடாத துணியால ரோலரைச் சுத்தித் துடைச்சுக் காயவிடுங்க. தின்னர் தொடவே வேணாம்.

தம்பிலுவில்:
கோடு விழுறதையும் சொல்ல வேணும். கண்ணாடி ஸ்கேனரில ஒரு தூசி ஒரு புள்ளிதான். தாள் இழுக்கிற மெஷினில வாசிக்கிற கண்ணு அசையாது, தாள்தான் ஓடும். ஒரு டிப்பெக்ஸ் துணுக்கு கண்ணாடிப் பட்டியில ஒட்டினா பக்கம் முழுக்க மேலிருந்து கீழ வரை கோடு. காலையில வெள்ளைத் தாள் ஒண்டை முதலில ஓடவிட்டுப் பாருங்க, கோடு நிக்கிற இடத்துக்கு நேரா உள்ளுக்குள்ள துடைச்சாப் போதும். மேல ஒரு பட்டி, கீழ ஒரு பட்டி, ரெண்டும் இருக்கு.

படுவான்:
எத்தனை டிபிஐ? கறுப்பு வெள்ளை போதுமா? கோப்பு சின்னனா வரும்.

தம்பிலுவில்:
300, கலர். சிவப்பு முத்திரையும் நீலக் கையெழுத்தும் கறுப்பு வெள்ளையில கரைஞ்சிடும், அசலா கொப்பியா எண்டும் தெரியாது. 600 போட்டா தரவு நாலு மடங்கு, வேகம் விழும், வாசிக்கிறவனுக்குக் கூடுதலா ஒண்டும் இல்லை. ஒரு ஏ4 கலர்ப் பக்கம் சுருக்க முதல் 26 எம்பி, ஜேபெக் சுருக்கத்தோட ஒரு எம்பி அளவில வரும். 24,000 பக்கமும் 24 ஜிபி போல, ஒரு பென் டிரைவுக்குள்ள அடங்கும். அப்படியிருக்க ஏன் நசுக்க வேணும்? 2013இல ஜெரோக்ஸ் மெஷின்களில ஜெர்மனியின் டேவிட் கிரீசல் கண்டுபிடிச்சது ஞாபகம் இருக்கட்டும். ஒரேமாதிரித் தெரியிற எழுத்துத் துண்டுகளை ஒண்டாக்கிச் சுருக்கிற முறையில 6 எண்டது 8 ஆகி வந்தது. படம் துப்புரவாத் தெரியும், இலக்கம் மட்டும் பிழை. உறுதியில அது பேர்ச்சஸ் கணக்கு, காணியின்ர அளவு.

எழுவான்:
இதில எனக்கு மறுப்பு இல்லை. ஆனா கிழிய நிக்கிற கட்டை ரோலருக்குள்ள விட நான் சம்மதிக்க மாட்டன். அதுக்கு மேலிருந்து படம் எடுக்கிற வகை. ஸ்கேன்ஸ்னாப் எஸ்வி600 ஏ3 அளவை மூண்டு செக்கனில எடுக்கும், தாளை ஒண்டும் தொடாது, தைச்ச பதிவேட்டையும் அவிழ்க்காம எடுக்கலாம்.

கரவாகு:
அதில தூர விளிம்புக்கு 300 டிபிஐ கிடைக்காது, ஜன்னல் வெளிச்சம் லமினேற்றில அடிக்கும். 12,000 தாளுக்கு அதை எடுத்தா பிழை. பிரிச்சு வைச்ச 500 தாளுக்கு எண்டா, சரி, ஒத்துக்கொள்றன். ஏ3 கண்ணாடியும் அதுக்குப் போதும்.

கல்லடிப்பாலம்:
அப்ப நல்ல தாளுக்கு இழுக்கிற மெஷின், கிழிய நிக்கிறதைப் பிரிச்சுக் கண்ணாடியில. படுவான் அண்ணன் சொன்ன ஏ3 மெஷின் பக்கத்துக் கொப்பிக் கடையில இருக்கு, அந்தக் கட்டை அங்க கொண்டுபோய் எடுக்கலாமா?

எழுவான்:
அசலைக் கந்தோரை விட்டு வெளியில கொண்டுபோகாதீங்க. கடையின்ர மெஷினில ஹார்ட் டிஸ்க் இருக்கும், ஆட்களின்ர அடையாள அட்டையும் காணி விபரமும் அதுக்குள்ள நிக்கலாம். மெஷினைக் கந்தோருக்குக் கொண்டு வாங்க, இல்லாட்டி அந்தக் கட்டை கடைசிக்கு விடுங்க.

படுவான்:
எந்த மெஷின் எடுத்தாலும் காசு குடுக்க முதல் உங்கட தாளைக் கொண்டுபோய் ஓடவிடுங்க, கடைக்காரன் வைச்சிருக்கிற புதுத் தாளில எல்லா மெஷினும் நல்லாத்தான் ஓடும். பழுதான கொப்பிகளாப் பார்த்து எடுங்க, அசல் வேணாம்: தொய்ஞ்ச காபன் கொப்பி ஒண்டு, முத்திரை ஒட்டின லீகல் தாள் ஒண்டு, மூண்டா மடிச்சது ஒண்டு, பில் தாள் ஒண்டு, லமினேற் அட்டை ஒண்டு. எல்லாத்தையும் கலந்து ஒரே கட்டாப் போட்டு, தாள் அளவைத் தானா அறியிற வசதியைத் திறந்துவிட்டு ஓட்டுங்க. பிறகு திரையில லீகல் பக்கத்தின்ர அடி விளிம்பைப் பெருப்பிச்சுப் பாருங்க. முத்திரையின்ர வட்டம் முழுசா வரவேணும். வெட்டுப்பட்டிருந்தா மென்பொருளில தாள் நீளம் ஏ4இல நிக்குது, லீகலுக்கு மாத்தித் திரும்ப ஓட்டுங்க. அப்பவும் வெட்டினா அந்த மெஷினை அங்கேயே விட்டுட்டு வாங்க.