பழைய நாடாளுமன்றத்துக்குள் போனவர்கள், பார்த்ததைச் சொல்லுங்கள்

டெல்லியில் வேலை பார்த்த காலத்தில் ஊரிலிருந்து உறவினர்கள் வந்தால், எங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்தில் சொல்லிப் பார்வையாளர் பாஸ் வாங்கி, நாடாளுமன்றத்துக்குக் கூட்டிப் போவேன். 2023 செப்டம்பர் 19 அன்று இரு அவைகளும் பக்கத்துப் புதிய கட்டடத்துக்கு மாறிவிட்டன. பழையதற்கு இப்போது சம்விதான் சதன் என்று பெயர். அந்த வட்டக் கட்டடத்தை டிவியில் பார்க்காதவர் இல்லை. உள்ளே போனவர்கள் குறைவு. அதனால் நானே தொடங்குகிறேன்.

இந்தியா கேட்டிலிருந்து நேராக மேற்கே பாருங்கள். கண்ணுக்கு எதிரே தெரிவது குடியரசுத் தலைவர் மாளிகை. அதற்கு முன்னால் இருபுறமும் செயலகக் கட்டடங்கள். நாடாளுமன்றம் அந்த நேர்க்கோட்டிலேயே கிடையாது. வலது பக்கம் திரும்பி, அவை எல்லாம் நிற்கும் ரைசினா குன்றின் அடிவாரத்தில் தேட வேண்டும். என்னோடு வந்த பெரியவர் ஒருவர், "நாட்டுக்கே பெரிய சபை, இதை ஏன் இப்படி ஓரமாக வைத்தார்கள்?" என்று கேட்டார். சரியான கேள்வி. புது டெல்லிக்கு வரைபடம் போட்டபோது தனி நாடாளுமன்றம் என்ற எண்ணமே இல்லை. வைஸ்ராய் மாளிகைக்குள் (இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகை) ஒரு சபைக் கூடம் இருந்தால் போதும் என்று இருந்தார்கள். 1919 சீர்திருத்தச் சட்டத்தால் இரண்டு அவைகள் வந்த பிறகுதான் தனிக் கட்டடம் தேவைப்பட்டது. அதற்குள் குன்றின் மேல் இருந்த நல்ல இடங்கள் எல்லாம் ஒதுக்கப்பட்டிருந்தன. இந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்ள இது ஒன்று தெரிந்தால் போதும் என்பது என் எண்ணம். ஆண்டவர்கள் ஓரத்தில் வைத்ததை, பின்னால் வந்தவர்கள் நாட்டின் நடுவாக ஆக்கினார்கள்.

வடிவத்துக்கும் ஒரு சண்டை நடந்தது. புது டெல்லியை வடிவமைத்த கட்டடக் கலைஞர்கள் இருவர். அவர்களில் ஹெர்பர்ட் பேக்கர் முக்கோணத் திட்டம் ஒன்றை முன்வைத்தார். எட்வின் லட்யன்ஸ் வட்டம்தான் வேண்டும் என்று நின்றார். வட்டம் வென்றது, கட்டடத்தை பேக்கர் கட்டினார். பிரிட்டிஷ் அரச குடும்பத்துக் கன்னாட் கோமகன் 1921 பிப்ரவரி 12 அன்று அடிக்கல் நாட்டினார், வைஸ்ராய் இர்வின் பிரபு 1927 ஜனவரி 18 அன்று திறந்து வைத்தார். செலவு 83 லட்சம் ரூபாய். விட்டம் 560 அடி, பன்னிரண்டு வாசல்கள். முதல் தளத்தைச் சுற்றி வரும் திறந்த தாழ்வாரத்தில் 144 தூண்கள், ஒவ்வொன்றும் 27 அடி உயரம். இப்போது எழுந்திருக்கும் புதிய கட்டடம் முக்கோணம். தோற்றுப்போன வடிவம் நூறு வருடம் கழித்து அடுத்த மனையிலேயே வந்திருக்கிறது!

உள்ளே போனால் வட்டத்துக்குள் மூன்று அரைவட்ட அவைகள், அவற்றுக்கு இடையே தோட்டங்கள், நடுவில் மைய மண்டபம். மூன்றாவது அவை எதற்கு என்று பலர் கேட்பார்கள். அது சமஸ்தான மன்னர்களின் மன்றத்துக்காகக் கட்டியது. 1950 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் தொடங்கியது அங்கேதான். தனிக் கட்டடம் கிடைக்கும் 1958 வரைக்கும் அங்கேயே இயங்கியது.

மைய மண்டபம் முதலில் நூலகம். அந்த நூலகக் கூடத்தில்தான் 1946 டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபை கூடியது. 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் ஆட்சி கைமாறியதும், 1950 ஜனவரி 24 அன்று உறுப்பினர்கள் அரசியலமைப்பில் கையெழுத்துப் போட்டதும் அங்கேதான். அந்த மண்டபத்தில் நிற்கும் மின்விசிறிகளைப் பார்த்தீர்களா? தரையிலிருந்து எழும் கம்பங்களின் உச்சியில் தலைகீழாகப் பொருத்தியிருக்கும். குவிமாடம் 98 அடி விட்டம். கூரை வெகு உயரம், அவ்வளவு மேலிருந்து கம்பி விட்டு விசிறியைத் தொங்கவிட வழியில்லை. குவிமாடத்தின் அழகைக் கெடுக்காமல் காற்றுக்கும் வழி செய்தவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

*

நான் ஓய்வுபெற்ற சிவில் இன்ஜினியர். பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்த அனுபவம் எனக்கும் உண்டு. போன், பை எல்லாம் வெளியே கவுண்டரில் வாங்கிக்கொள்வார்கள். பேசக் கூடாது, முன்கம்பியில் சாயக் கூடாது. பணியாளர் கண்ணாலேயே சொல்லிவிடுவார். கீழே மக்களவையின் பச்சைக் கம்பளம். 1929 ஏப்ரல் 8 அன்று பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் குண்டு வீசியது இந்த அவையில்தான். அன்று இது மத்திய சட்டசபை. அவைத்தலைவர் விட்டல்பாய் படேல். ஆளில்லாத இடம் பார்த்து எறிந்துவிட்டு, துண்டுப் பிரசுரங்களை வீசிவிட்டு, ஓடாமல் நின்று பிடிபட்டார்கள். மாடத்திலிருந்து பெஞ்சுகள் எவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன என்று நேரில் பார்த்த பிறகுதான், யாருக்கும் உயிர்ச்சேதம் வராமல் எறிய எவ்வளவு நிதானம் தேவைப்பட்டிருக்கும் என்று புரிந்தது. அன்று அவையில் நடந்த விவாதம் ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை.

வேலைப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தூண்களைப் பார்த்து ரோமானியப் பாணி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். வெயிலைத் தடுக்க வெளியே நீட்டிய கல் சஜ்ஜாக்களையும், பளிங்கிலும் மணற்கல்லிலும் குடைந்த ஜாலி என்னும் கல் சல்லடைகளையும் பாருங்கள். அவை நம் கல்தச்சர்களின் உளிவேலை. வரைந்தவர்கள் பெயர் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, செதுக்கியவர்கள் பெயர் எங்கும் இல்லை. இது எனக்குத் தீராத குறை.

இன்னொன்று: 1956இல் இடம் போதாமல் மேலே தளம் கூட்டினார்கள். அதனால் தெருவில் நின்று பார்ப்பவர்களுக்குக் குவிமாடம் சரியாகத் தெரிவதே இல்லை. அந்தத் தப்பைக் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் செய்யவில்லை. பக்கத்தில் நூலகக் கட்டடத்தை அவர் வடிவமைத்தபோது, பழைய கட்டடத்தை மறைக்கக் கூடாது என்று தரைக்கு மேல் உயரத்தைக் குறைத்து, பெரும்பகுதியைப் பூமிக்குள் இறக்கினார். 2002இல் திறந்தது. மணற்கல் சுவர், மேலே எஃகும் கண்ணாடியும் சேர்ந்த குவிமாடங்கள் வழியாக வெளிச்சம். டெல்லியில் எனக்கு ரொம்பப் பிடித்த கட்டடம் அதுதான்.

*

மத்தியப் பிரதேசத்தில் மொரேனா பக்கத்து மிதாவலி கோயிலைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே. குவாலியர் போனபோது அந்தச் சௌசட் யோகினி (அறுபத்து நான்கு யோகினிகள்) கோயிலுக்கும் போனேன். குன்றின் உச்சியில் வட்டமான கோயில். உள்ளே சுற்றிலும் சின்னச் சின்ன அறைகள், நடுவே ஒரு சன்னிதி. படியேறி முற்றத்தில் நின்றால் மனம் நிறைந்துவிடும். "நாடாளுமன்றத்தை இதைப் பார்த்துத்தான் கட்டினார்கள்" என்று அங்கே எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. கோயிலில் தூண்கள் உள்முற்றத்தைப் பார்த்து நிற்கின்றன, வெளியே சுவர். நாடாளுமன்றத்தில் தூண்கள் வெளியே பார்க்கின்றன. அப்புறம், பேக்கர் முதலில் போட்டது முக்கோணம் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். கோயிலைப் பார்த்து வரைந்திருந்தால் முக்கோணம் எப்படி வரும்? அந்தக் கோயிலுக்கு இந்தப் பெருமையைக் கடன் வாங்கிக் கொடுக்க வேண்டியதே இல்லை. அதற்காகவே போய்ப் பாருங்கள்.

*

பள்ளி மாணவிகளை நாடாளுமன்ற அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போன ஆசிரியை நான். பிள்ளைகளுக்குப் பிடித்தது சுவரில் இருக்கும் வாசகங்கள். மக்களவைத் தலைவர் இருக்கைக்கு மேலே தர்ம சக்கரத்தைச் சொல்லும் சமஸ்கிருத வரி. மைய மண்டபத்து வாசலில், 'இவன் நம்மவன், அவன் அயலான்' என்று பிரித்துப் பார்ப்பது சின்ன மனசு என்னும் பஞ்சதந்திரச் சுலோகம். மக்களவையின் வெளிக்கூடத்து வளைவில் அரபியில் ஒரு குர்ஆன் வசனம்: ஒரு மக்கள் கூட்டம் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளாத வரை இறைவன் அவர்களின் நிலையை மாற்றுவதில்லை என்று. மூன்றையும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

தரைத்தளத்து வெளித் தாழ்வாரச் சுவரோவியங்களையும் விட்டுவிடாதீர்கள். முதல் சபாநாயகர் மாவ்லங்கர் முயற்சியில் தொடங்கிய வேலை. வேத காலம் தொடங்கி விடுதலை வரைக்கும் நாட்டு வரலாற்றைப் பல ஓவியர்கள் வரைந்திருக்கிறார்கள். நடந்து போகிற வழியில் இருப்பதால் பலரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள்.

ஒரு மாணவி கேட்டாள்: "நம்ம ஊர்க்காரங்க யாராவது இங்க பெரிய வேலை செஞ்சிருக்காங்களா மிஸ்?" கோயம்புத்தூர் ஆர்.கே. சண்முகம் செட்டியார் வெள்ளைக்காரன் காலத்திலேயே மத்திய சட்டசபைத் தலைவராக இருந்ததையும், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று வாசித்ததையும் சொன்னேன். அரசியலமைப்பு வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், டி.டி. கிருஷ்ணமாச்சாரி பற்றியும் சொன்னேன். சென்னை மாகாணத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குப் போன தாட்சாயணி வேலாயுதன்தான் அந்தச் சபையில் இருந்த ஒரே தலித் பெண் என்று சொன்னதும், அவளே அடுத்து, "அவங்க எந்த இடத்துல உக்காந்திருப்பாங்க?" என்று கேட்டாள்.

*

மிஸ்ஸுக்கு நன்றி. மிதாவலி படங்கள் இருந்தால் போடுங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது. மைய மண்டபத்துக்குள் வேலை நிமித்தமாகப் போனவர்கள், சுருக்கெழுத்தாளர்களோ நிருபர்களோ இங்கே இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். மாடத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியாத எவ்வளவோ உங்களுக்குத் தெரிந்திருக்கும்.