மறு: ஒளிவினையூக்கி சரி, ‘துளை’யை என்ன செய்வது?

வணக்கம். நம் கட்டுரை வரைவில் photocatalyst-க்கு, அதாவது ஒளி பட்டால் வேதிவினையை ஊக்கும் பொருளுக்கு, ‘ஒளிவினையூக்கி’ என்று வைத்ததைப் பற்றிய உங்கள் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

> ‘ஒளியூக்கி’ என்று சுருக்கினால் என்ன? சொல்ல எளிதாக இருக்கிறதே.

எளிதுதான். ஆனால் இங்கே ஊக்கப்படுவது வினை, ஒளியில்லை. டைட்டானியம் டைஆக்சைடு ஒளியை வாங்கிக்கொண்டு வினையை நடத்துகிறது. ‘வினை’யை எடுத்துவிட்டால் சொல் ஏதோ விளக்கின் உதிரிபாகம் போல ஆகிவிடும். பாடநூல்களில் வரும் ‘வினைவேகமாற்றி’க்கு முன்னால் ‘ஒளி’யையும் ஒட்டினால் வாசிக்க மூச்சு வாங்கும். என் வாக்கு ஒளிவினையூக்கிக்கே.

எனக்கு உறுத்துவது வேறு. வரைவில் இப்படி ஒரு வரி:

> துளைகள் நீருடன் வினைபுரிந்து ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை (radicals, எளிதில் வினைபுரியும் துணுக்குகளை) உண்டாக்குகின்றன.

இந்தத் ‘துளை’ (hole) எலக்ட்ரான் நீங்கிய இடம் என்று இயற்பியல் படித்தவருக்குப் புரியும். மற்றவர்கள்? இரண்டு பத்திக்கு முன்புதான் ‘நுண்துளைகள் மிகுந்தால் மேற்பரப்பு கூடும்’ என்று எழுதியிருக்கிறோம். அந்தத் துளைதான் இந்தத் துளை என்றே எடுத்துக்கொள்வார்கள். குறைகடத்திக் கருவிகளைப் பற்றி மட்டும் எழுதும்போது இந்தச் சிக்கல் அவ்வளவாக வராது. ஒளிவினையூக்கியில் இரண்டு துளைகளும் ஒரே பொருளில் இருக்கின்றன, இரண்டும் முக்கியம்.

அனடேஸ் என்ற படிக வடிவ டைட்டானியம் டைஆக்சைடின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் மேலே தாவத் தேவையான குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 3.2 எலக்ட்ரான் வோல்ட். ஏறக்குறைய 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் பட்டால், எலக்ட்ரான்கள் நிறைந்த இணைதிறன் பட்டையிலிருந்து ஓர் எலக்ட்ரான், மேலே காலியாக இருக்கும் கடத்தல் பட்டைக்குத் தாவும். அது விட்டுப்போன இடம் நேர்மின்சுமை போல நடந்துகொள்ளும், நகரும், பரப்புக்கு வந்து எதிரே இருப்பதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும். நீரிலுள்ள சாயமோ பூச்சிக்கொல்லியோ சிதைவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. 1972இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் வெளியிட்ட நீர்ப்பிரிப்பு ஆய்விலும் ஆக்சிஜனை வெளிக்கொணர்ந்தது இதுதான். ஹைட்ரஜன் பிளாட்டினம் மின்வாயில் வந்தது. இவ்வளவு வேலை செய்வதை வெறும் ஓட்டையாக எழுத மனம் வரவில்லை.

‘மின்துளை’ என்று எழுதலாம். ‘நேர்மின்னி’ வேண்டாம், அதைப் புரோட்டானுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

எலக்ட்ரானும் மின்துளையும் திரும்பச் சேர்ந்து ஆற்றல் வெப்பமாக வீணாவதற்கு ‘மீளிணைவு’ போதும்.

---

> மின்துளை என்றால் மின்சாரம் பாய்ந்து விழுந்த ஓட்டை என்று தோன்றாதா?

முதல் தடவை தோன்றலாம். கட்டுரையில் முதலில் வரும் இடத்தில் ‘எலக்ட்ரான் நீங்கிய இடம்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுவோம். நுண்துளையோடு குழம்புவதை விட இது மேல்.

அப்புறம், ஹைட்ரஜன் சோதனைகளில் மீளிணைவைக் குறைக்க மெத்தனால் சேர்ப்பார்கள். அது மின்துளைகளை வாங்கிக்கொண்டு தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து தீரும். வரைவில் அதற்கு ‘துளை அழிப்பான்’ என்று இருக்கிறது, படித்தால் ரப்பர் துண்டுதான் நினைவுக்கு வருகிறது. ‘மின்துளை ஏற்பி’ என்று நான் திருத்திவைத்திருக்கிறேன். ஆனால் ஏற்பி என்ற சொல், மாசு சேர்த்த குறைகடத்திகளில் வேறு பொருளில் (எலக்ட்ரானை ஏற்கும் மாசு அணு) வருகிறது. ‘மின்துளை வாங்கி’ சரிப்படுமா?