‘இயந்திரத் தட்டல்’ என்ற ஒரே சொல் போதாது: சாய்வடி, தண்டிடி, கிணுக்கம்

ஐயா, வணக்கம்.

கலைச்சொல் பட்டியலின் வரைவில், இன்ஜினில் கேட்கும் இடிப்புச் சத்தமான ‘நாக்கிங்’ என்பதற்கு ‘இயந்திரத் தட்டல்’ என்று முன்வைத்திருக்கிறீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்பானரோடு உட்கார்ந்திருப்பவரை அந்தச் சொல் தவறான இடத்துக்கு அனுப்பிவிடும். வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350-ஐ எடுத்துக்கொள்வோம். சத்தத்துக்கு ஏற்ப வைத்தியம் மாறும்; எல்லாவற்றையும் தட்டல் என்றால், வால்வைத் தள்ளித் திறக்க உதவும் டேப்பெட்டைச் சரிசெய்ய வேண்டியவர் சிலிண்டரைக் கழற்றுவார்.

தட்டல் என்பதை டேப்பெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வோம். டேப்பெட்டைத் தள்ளும் கேம் சுழல்வது, பிஸ்டன் சுழற்றும் கிராங்கின் பாதி வேகத்தில் என்பதால், இந்த ‘டிக் டிக்’ இன்ஜின் வேகத்தைவிட நிதானமாகக் கேட்கும். இன்ஜின் நன்றாக ஆறியபிறகு வலப்பக்கத்து டேப்பெட் மூடியைத் திறந்து, பிஸ்டனை அழுத்த வீச்சின் உச்சிக்கு (இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலைக்கு)க் கொண்டுவந்து, தள்ளுகோலை (புஷ் ராடு) விரலால் உருட்டிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. ஆடினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள், வேறெதையும் தொடவேண்டாம்.

பிஸ்டன் தேய்ந்தால் ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கம் சாய்ந்து மோதும். காலையில் உதைத்ததும் ‘தட தட’வென்று கேட்டு, சூடேறியதும் அடங்கும். இதற்குச் சாய்வடி என்கிறேன்.

சூடேறினாலும் அடங்காமல், த்ராட்டில் கொடுக்கும்போது அடியிலிருந்து ‘தொம் தொம்’ என்று வந்தால், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டின் அடிமுனையான பிக் எண்டு தேய்ந்திருக்கிறது. இதை உள்ளிடி எனலாம். இது கேட்டால் வண்டியை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கொல்லிமலை ஏற்றத்தில் கியர் குறைக்காமல் இழுக்கும்போது வரும் ‘கிணுகிணு’ சத்தம் தேய்மானத்தால் வருவதே அல்ல. அது கிணுக்கம்.

சைலன்சர் குழாய் சிலிண்டர் தலையில் சேரும் இடத்தில் புகை கசிந்தாலும் டேப்பெட் போலவே கேட்கும். அதற்குப் புதுச்சொல் தேவையில்லை, கசிவு போதும்.

---

அண்ணா,

மேலே உள்ள உங்கள் கடிதத்தைப் படித்தேன். சாய்வடியும் கிணுக்கமும் சரி. ‘உள்ளிடி’ வேண்டாம். இன்ஜினில் எல்லாமே உள்ளேதான் இருக்கிறது, எங்கே என்று அந்தச் சொல் காட்டவில்லை. பட்டறையில் “ராடு அடிக்குது” என்றுதான் சொல்கிறார்கள். இணைப்புத் தண்டிலிருந்து வருவதால் தண்டிடி என்போம். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை, கிராங்க் இருக்கும் அடிப்பெட்டியான கிராங்க் கேஸில் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்தால் எது மேலிருந்து வருகிறது, எது அடியிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். பெயரும் அதைச் சொன்னால்தான் புதிதாகக் கற்பவருக்குப் பயன்.

இன்னொன்று. வரைவில் கிணுக்கத்தையும் ‘முன்னெரிதல்’ என்பதையும் ஒரே பதிவில் போட்டிருக்கிறார்கள். பிளக் பொறி விழுவதற்கு முன்பே, பழுக்கக் காய்ந்த கரியோ பிளக் முனையோ கலவையைப் பற்றவைத்தால் அது முன்னெரிதல். கிணுக்கத்தில் பொறி விழுந்து, சுடர் பரவிக்கொண்டிருக்கும்போதே மீதிக் கலவை தானாக வெடிக்கிறது. பொறி விழும் நேரம் (இக்னிஷன் டைமிங்) அதிகமாக முன்தள்ளி இருந்தால் கிணுக்கம் வரும், டைமிங்கைப் பின்தள்ளினால் குறையும். முன்னெரிதல் அப்படிக் கட்டுப்படாது. கரியைச் சுரண்ட வேண்டும், சரியான வெப்ப அளவுள்ள பிளக் போட வேண்டும். இரண்டையும் தனித்தனிப் பதிவாக்கிய பிறகு வரைவை அனுப்பச் சொல்லுங்கள்.