2025 ஐ.பி.எல். தொடரில் பத்தாம் இடத்தில் முடிந்த சென்னை சூப்பர் கிங்ஸ்: 2026 ஏலத்திற்கு முன் யாரை விடுவது, யாரை வைத்துக்கொள்வது?

கேள்வி: சேப்பாக்கம் பயணி

2025 ஏப்ரல் 11 அன்று கொல்கத்தாவுக்கு எதிரான ஆட்டத்தை 1,700 ரூபாய்க்குச் சீட்டு வாங்கி நேரில் பார்த்தவன் நான். நம் அணி 20 ஓவரில் 9 விக்கெட் இழப்புக்கு 103 ரன் எடுத்தது. சேப்பாக்கத்தில் அது எடுத்த மிகக் குறைந்த ரன் அதுதான். கொல்கத்தா அதை 10.1 ஓவரில் எட்டிவிட்டது. எனக்கு முன்வரிசையில் இருந்த பையன், கழுத்தில் தொங்கிய மஞ்சள் விசிலை அன்று முழுக்க இரண்டு முறைதான் வாயில் வைத்தான்: தோனி டாஸ் போட வந்தபோது ஒரு முறை, பேட் எடுத்துக்கொண்டு இறங்கியபோது இன்னொரு முறை. ஆட்டம் முடிவதற்குள்ளேயே அவனுடைய அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அரசினர் தோட்டம் மெட்ரோவை நோக்கி நடந்துவிட்டார்.

14 ஆட்டங்களில் 4 வெற்றி, 10 தோல்வி, கடைசி இடம். ஐந்து முறை கோப்பை வென்ற நம் அணி அடிமட்டத்தில் முடித்தது இதுவே முதல் முறை. பெங்களூரு 2008-க்குப் பிறகும், டெல்லி 2010-க்குப் பிறகும் முதன்முறையாக இங்கே வந்து நம்மை வென்றன. ஹைதராபாத் இந்த மைதானத்தில் முதன்முறையாக நம்மை வென்றது. கோட்டை என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் ஆறு ஆட்டம் ஆடி ஒன்றில்தான் ஜெயித்திருக்கிறோம்.

அடுத்த ஏலத்திற்கு முன்பு அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது என் எண்ணம். குறிப்பாக, 18 கோடி ரூபாய்க்கு ஜடேஜாவை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? 44 வயதாகிவிட்ட தோனிக்கு ஆடும் பதினொருவரில் இன்னும் இடம் உண்டா? உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பதில் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில்: கணக்குப்பிள்ளை

கலைப்பதற்கு முன் கையில் உள்ள பணத்தைப் பார்த்துவிடுவோம். ருதுராஜ் 18 கோடி, ஜடேஜா 18 கோடி, பதிரனா 13 கோடி, துபே 12 கோடி, தோனி 4 கோடி என்று, ஜெட்டாவில் நடந்த சென்ற ஏலத்திற்கு முன்பே, தக்கவைத்த வீரர்களுக்காக 65 கோடி முடங்கிவிட்டது. ஓர் அணி மொத்தம் செலவழிக்க அனுமதித்த வரம்போ 120 கோடி. மீதி 55 கோடியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனவர்கள், வீட்டில் ஏற்கெனவே இருந்த சாமானையே திரும்ப வாங்கி வந்ததைப் போல, மேல் வரிசைக்கு நின்று ஆடும் வீரர்களையே மறுபடி வாங்கினார்கள். கான்வே 6.25 கோடி, ரச்சின் 4 கோடி, திரிபாதி 3.40 கோடி, ஹூடா 1.70 கோடி, விஜய் சங்கர் 1.20 கோடி. முதல் ஆறு ஓவரில் பந்துவீச்சாளரைப் பயமுறுத்தக்கூடிய ஆள் இந்தப் பட்டியலில் யார் என்று தேடிப் பாருங்கள்.

அஸ்வின் ஓய்வு அறிவித்துவிட்டதால் 9.75 கோடி தானாகவே திரும்பி வருகிறது. கான்வே, திரிபாதி, ஹூடா, விஜய் சங்கர் ஆகிய நால்வரையும் விடுவித்தால் இன்னொரு 12.55 கோடி. 2026-க்கான வரம்பு 125 கோடியாக உயர்வதால் 5 கோடி கூடுகிறது. ஆக, ஜடேஜாவைத் தொடாமலேயே 27 கோடிக்கு மேல் கிடைத்துவிடும். பதிரனாவையும் விடுவித்தால் அது 40 கோடியைத் தாண்டும். அவர் பந்து 2025-ல் ஓவருக்குப் பத்து ரன்னுக்கு மேல் கொடுத்தது. 2023-ல் இறுதி ஓவர்களில் யாரும் தொட முடியாத பந்து அது. வேண்டுமானால் விடுவித்துவிட்டு ஏலத்தில் குறைந்த விலைக்குத் திரும்ப எடுக்கப் பார்க்கலாம். அந்தச் சூதாட்டத்தில் வேறு அணி விலையை ஏற்றிவிட்டால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

வெளிநாட்டு வீரர்கள் எட்டுப் பேருக்கு மேல் கூடாது என்பதையும் மறக்க வேண்டாம். பதிரனா, நூர் அகமது, கான்வே, ரச்சின், கரன், எல்லிஸ், ஓவர்டன், பிறகு வந்து சேர்ந்த பிரெவிஸ் என்று எட்டு இடமும் நிரம்பிவிட்டது. ஒருவரை வெளியே அனுப்பாமல் இன்னொருவரை உள்ளே கொண்டுவர முடியாது. நான் அசைக்க மாட்டேன் என்று சொல்லக்கூடியவர்கள் இருவர்தான்: 10 கோடிக்கு வந்து 24 விக்கெட் எடுத்த நூர், பாதியில் வந்து ஆறே ஆட்டத்தில் 225 ரன் அடித்த பிரெவிஸ்.

பதில்: பழைய ஸ்கோரர்

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் (டி.என்.சி.ஏ.) லீக் ஆட்டங்களுக்குப் பல ஆண்டுகள் ஸ்கோர் எழுதியவன் என்ற முறையில் சில வார்த்தைகள். கணக்குப்பிள்ளை அவர்களின் கூட்டல் கழித்தல் சரிதான். ஆனால் ஏப்ரல் 5 அன்று டெல்லிக்கு எதிராக நடந்த ஆட்டத்தின் ஸ்கோர் அட்டையை எடுத்துப் பாருங்கள். எதிரணி 183, நாம் 5 விக்கெட்டுக்கு 158. இருபத்தைந்து ரன்னில் தோற்ற ஆட்டத்தில் ஐந்து விக்கெட் கையில் மிச்சம்! விஜய் சங்கர் 54 பந்தில் 69, தோனி 26 பந்தில் 30, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. என் காலத்தில் லீக் கேப்டன் ஒருவர் இப்படித் தோற்று வந்த பையன்களிடம், மிச்சம் வைத்த விக்கெட்டை வங்கியில் போட்டு வட்டி வாங்கப் போகிறீர்களா என்று கேட்டார். ஆள் மாற்றுவதற்கு முன் மாற்ற வேண்டியது இந்தப் பயத்தைத்தான். பயம் இல்லாத ஆள் வந்தால் பயமும் போய்விடும் என்பதையும் அதே அணி சீசன் முடிவில் காட்டியது.

ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டதால்தான் 17 வயது ஆயுஷ் மாத்ரே உள்ளே வந்தார். ஏழு ஆட்டத்தில் 240 ரன், அதில் பெங்களூருவுக்கு எதிராக 48 பந்தில் 94. குர்ஜப்னீத் சிங் காயமடைந்ததால் பிரெவிஸ் வந்தார். உர்வில் படேலும் மாற்று ஆளாக வந்தவரே. கடைசி ஆட்டத்தில் குஜராத்துக்கு எதிராக இந்த மூவரும் ஆடி அணி 230 எடுத்து, 83 ரன்னில் வென்றது. ஏல மேசையில் கண்ணில் படாதவர்கள், காயப்பட்டியல் புண்ணியத்தில் கிடைத்தார்கள். முன்பும் இப்படித்தான்: பதிரனா 2022-ல் மில்னேவுக்கு மாற்றாக வந்தவர். 2023 கோப்பைக்காக 16.25 கோடி கொடுத்து வாங்கிய ஸ்டோக்ஸ் இரண்டு ஆட்டம் ஆடினார். 50 லட்சத்திற்கு வாங்கிய ரஹானே 172 ஸ்டிரைக் ரேட்டில் (நூறு பந்துக்கு 172 ரன் என்ற வேகத்தில்) 326 ரன் எடுத்தார். ஆகவே கையில் 40 கோடி இருப்பதைக் கேட்டு எனக்குப் பயம்தான் வருகிறது.

இன்னொன்று, ஆடுகளம். சொந்த மைதானத்தின் பிட்ச்சை எங்களால் கணிக்க முடியவில்லை என்று பயிற்சியாளர் ஃப்ளெமிங்கே பெங்களூரு தோல்விக்குப் பிறகு ஒப்புக்கொண்டார். சேப்பாக்கத்துக்கென்று அஸ்வின், ஜடேஜா, நூர் என மூன்று சுழல் வீரர்களைச் சேர்த்துவிட்டு, எதிரணியின் சுழலை ஆடத் தெரியாத மேல் வரிசையை வைத்துக்கொண்டால், குழி வெட்டியவர்களே விழ வேண்டியதுதான். கொல்கத்தா ஆட்டத்தில் நரைன் 13 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்தார்; கூடவே வீசிய வருண் சக்கரவர்த்தி நம் ஊர்க்காரர்.

ஊர்க்காரர் என்றதும் மனம் கேட்கவில்லை. சாய் கிஷோர் 2020-லும் 2021-லும் மஞ்சள் சட்டையில் வெளியே உட்கார்ந்திருந்தார். ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. இந்த ஆண்டு குஜராத்துக்காக 19 விக்கெட் எடுத்தார். அதே குஜராத் 20 லட்சத்திற்கு எடுத்த சாய் சுதர்சன் 759 ரன் குவித்து, தொடரில் அதிக ரன் எடுத்தவருக்கான ஆரஞ்சுத் தொப்பி வாங்கினார். மெரினாவில் நின்று கல்லெறிந்தால் விழும் தூரத்தில் லீக் ஆடிக்கொண்டிருந்த பையன் அவர். தமிழ்நாட்டுக்காரர் என்பதற்காக மட்டும் ஒருவரை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கையருகே விளைந்ததை ஆமதாபாத்துக்காரர் வந்து அறுத்துக்கொண்டு போவதைப் பார்த்து எரிச்சல் வருகிறது, அவ்வளவுதான். 30 லட்சத்திற்கு அணியில் இருக்கும் நம் ஊர்ப் பையன் ஆண்ட்ரே சித்தார்த் சீசன் முழுக்க ஒரு பந்தும் ஆடவில்லை. ஏப்ரல் மாதத்திலேயே தோல்வி உறுதியான பிறகாவது அவரை இறக்கியிருக்கலாம்.

பதில்: பெரம்பூர் மஞ்சள்

ஜடேஜாவை விற்கலாம் என்று எழுதியவர், 2023 இறுதி ஆட்டத்தின் கடைசி இரண்டு பந்தை மீண்டும் ஒரு முறை பார்த்துவிட்டு வந்து எழுதட்டும். பத்து ரன் தேவை. மோஹித் சர்மாவின் பந்தில் ஒரு சிக்ஸர், ஒரு பவுண்டரி. இந்தச் சீசனிலும் பெங்களூருவில் 45 பந்தில் 77 எடுத்துக் கடைசிவரை நின்றவர் அவர். அணி இரண்டு ரன்னில் தோற்றது அவர் குற்றமா? 2012 முதல் இருக்கும் மனிதரை விலைப்பட்டியலில் ஒரு வரியாகப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியாது. விக்கெட் விழுந்தால் அடுத்து தோனி வருவார் என்று நாம் கைதட்டிய இரவுகளில் ஆட்டமிழந்து திரும்பியவரும் அவர்தான். அதையெல்லாம் சிரித்துக்கொண்டே தாங்கினார்.

பதில்: கணக்குப்பிள்ளை

பெரம்பூர் நண்பரின் வருத்தம் புரிகிறது. எனினும், வெறுமனே விடுவிப்பது வேறு, இன்னோர் அணியின் வீரருக்குப் பதிலாகக் கைமாற்றிக்கொள்வது வேறு. ஜடேஜாவை ஏலத்திற்கு அனுப்புவது அறிவீனம். அந்த 18 கோடிக்கு அவருக்கு ஈடான இந்திய ஆல்ரவுண்டர் கிடைக்க மாட்டார். ஆனால் நம்மிடம் தோனிக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு விடையே இல்லை. விக்கெட் கீப்பராகவும், மேல் வரிசையில் அடித்து ஆடக்கூடியவராகவும், தேவைப்பட்டால் கேப்டனாகவும் இருக்கக்கூடிய இந்திய வீரர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ராஜஸ்தான் அதே 18 கோடிக்கு வைத்திருக்கும் சஞ்சு சாம்சன் அவர்களில் ஒருவர். அப்படி ஒருவர் கைமாற்றில் கிடைப்பாரானால், மனம் வலித்தாலும் ஜடேஜாவை அனுப்பச் சம்மதிப்பேன். அதற்குக் குறைந்த எதற்கும் சம்மதிக்க மாட்டேன். கூடவே இன்னொரு வீரரையும் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டால் பேச்சு நீளும்.

தோனி குறித்து: ஐந்து ஆண்டுகளாக இந்திய அணிக்கு ஆடாதவர் என்ற விதியின் கீழ் அவருக்கு 4 கோடிதான் செலவு. ஆகவே அவரால் பணச்சிக்கல் இல்லை, இடச்சிக்கல்தான். முழங்காலை வைத்துக்கொண்டு பத்து ஓவர் ஆட முடியாது என்று ஃப்ளெமிங் வெளிப்படையாகவே சொன்னார். சேப்பாக்கத்தில் பெங்களூருவுக்கு எதிராக அவர் அஸ்வினுக்கும் பின்னால் ஒன்பதாவதாக இறங்கி 16 பந்தில் 30 அடித்தபோது, ஆட்டம் எப்போதோ முடிந்திருந்தது. கடைசி மூன்று ஓவருக்கு மட்டும் ஒருவரை வைத்துக்கொள்வதானால், அவருக்கு முன் உள்ள ஏழு பேரும் வேகமாக அடிப்பவர்களாக இருக்க வேண்டும். மாத்ரே, ருதுராஜ், உர்வில், பிரெவிஸ், துபே என்று இறங்கினால் அதற்கு வழி உண்டு.

பதில்: சேப்பாக்கம் பயணி

அணியைக் கலைக்க வேண்டும் என்று எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். 2020-ல் ஏழாவது இடத்தில் முடித்த அணி, மொயின் அலி, உத்தப்பா போன்ற ஒரு சிலரை மட்டும் சேர்த்துக்கொண்டு அடுத்த ஆண்டே கோப்பையை வென்றதை நானே மறந்துவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருக்கிறது. ருதுராஜ் திரும்பி வந்து மூன்றாவதாக இறங்குவதா, தொடக்க ஆட்டக்காரராகவே இறங்குவதா? மாத்ரேவும் உர்வில்லும் தொடக்கத்தில் அடித்து ஆடுகிறார்கள் என்றால், கேப்டனுக்காக அவர்களில் ஒருவரைக் கீழே தள்ளுவது பழைய தவறுக்கே திரும்புவதாகாதா?

பதில்: பழைய ஸ்கோரர்

ருதுராஜ் மாத்ரேவுடன் தொடக்கத்தில்தான் இறங்க வேண்டும். அவர் நின்று நிதானித்துப் பிறகு வேகம் எடுப்பவர்; முதல் ஆறு ஓவரான பவர்பிளேயில் எதிரணி ஃபீல்டர்கள் இருவரே வட்டத்துக்கு வெளியே நிற்பதால் அவருடைய டைமிங்குக்கு அங்கேதான் ரன் கிடைக்கும். மூன்றாவதாக இறங்கினால் சுழல் வரும் நேரத்தில் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும், அது சேப்பாக்கத்தில் கழுத்துக்குக் கத்தி. உர்வில் முதல் விக்கெட் விழுந்ததும் வரட்டும், அது இரண்டாவது பந்தாக இருந்தாலும் சரி. அப்படியே, ஆண்ட்ரே சித்தார்த்தைத் தயவுசெய்து விடுவிக்காதீர்கள் என்று யாராவது அவர்கள் காதில் போடுங்கள்.