நாலு வாரத்துக்கு ஒருமுறை பிளானை மாற்றினால்தான் தசை வளருமா?

வியர்வைத்துளி:
வயது 36. ஜிம்மில் சேர்ந்து ஒன்றே கால் வருடம் ஆகிறது. சேர்ந்த அன்றே மாஸ்டர் சொன்னது: "ஒரே ஒர்க்அவுட் உடம்புக்குப் பழகிவிட்டால் அப்புறம் வளராது, தசையைக் குழப்பிக்கொண்டே இருக்கணும்." அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஒரு மாதம் பார்பெல் பெஞ்ச் பிரஸ் (படுத்துக்கொண்டு நீளக் கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது), அடுத்த மாதம் டம்பெல், அதற்கடுத்து மெஷின். ரெப்பும், அதாவது ஒரு செட்டில் நிறுத்தாமல் எத்தனை முறை தூக்குகிறோம் என்பதும், அப்படித்தான், 5, 12, 20 என்று சுற்றிக்கொண்டே இருக்கும்.

புதுப் பிளானின் முதல் வாரம் படி இறங்க முடியாதபடி வலிக்கும். அதில் ஒரு சந்தோஷம் வேறு. அடுத்த இரண்டு வாரம் தூக்கும் எடை கடகடவென்று ஏறும். போன ஞாயிறு நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். ஐந்தாவது மாதம் பார்பெல் பெஞ்ச் 8 ரெப்புக்கு 50 கிலோ. பதினான்காவது மாதம் அதே 8 ரெப்புக்கு 52.5. கையின் சுற்றளவு ஏழு மாதமாக 33 செ.மீ.யிலேயே நிற்கிறது. மாதாமாதம் ஏறியிருக்கிறேன், மொத்தத்தில் ஏறவே இல்லை. நான் மாற்றுவது போதவில்லையா, அதிகமாகிவிட்டதா?

சுமைதாங்கி:
மாற்றத்தைக் குறை சொல்லாதீர்கள். நான் இரண்டு வருடம் ஒரே பிளானை ஓட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. மாற்றிய பிறகுதான் நெஞ்சில் தசை வந்தது. சாப்பாட்டைப் பாருங்கள், தூக்கத்தைப் பாருங்கள்.

பழையநோட்டு:
என்னிடம் ஒன்பது வருட நோட்டுகள் இருக்கின்றன. அதில் முதல் மூன்று உங்கள் நோட்டு மாதிரியேதான் இருக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

புதுப் பயிற்சியில் முதல் சில வாரம் எடை ஏறுவதற்குப் பெரும்பாலும் காரணம் தசை பெருப்பது இல்லை, நரம்பு அந்த அசைவைக் கற்றுக்கொள்வது. எந்தத் தசை எப்போது இழுக்க வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று பிடிபடுகிறது. சைக்கிள் பழகுகிற மாதிரி. நாலாவது வாரம் நீங்கள் கிளம்பிவிடுகிறீர்கள். மறுபடி பார்பெல்லுக்குத் திரும்பும்போது பாதி பாடம் மறந்திருக்கும், அதையே திரும்பக் கற்று, "ஏறுது" என்று எழுதி வைக்கிறீர்கள். மாதாமாதம் ஏற்றம், மொத்தத்தில் பூஜ்ஜியம் என்பதற்கு இதுதான் கணக்கு.

வலியும் அதே ஏமாற்றுத்தான். பழகாத அசைவு தசை நாரைச் சேதப்படுத்துகிறது, அதே வேலையை இரண்டாம் முறை செய்தால் சேதம் வெகுவாகக் குறைந்துவிடும். 2016-ல் வந்த ஓர் ஆய்வில் இளைஞர்களின் தொடைத் தசையில் புரதம் உருவாகும் வேகத்தை முதல் பயிற்சிக்குப் பிறகும், மூன்றாவது வாரத்திலும், பத்தாவது வாரத்திலும் அளந்தார்கள். தொடக்கத்தில் வேகம் அதிகம்தான், ஆனால் அது பெரும்பாலும் சேதத்தைச் சரிசெய்யவே போனது. கடைசியில் யாருக்கு எவ்வளவு வளர்ந்தது என்பதோடு பொருந்தியது, சேதம் அடங்கிய பின் அளந்த வேகம்தான். நீங்கள் மாதாமாதம் ரிப்பேர் செலவையே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு 2019-ல் வந்தது. பயிற்சி உள்ளவர்களை எடுத்து, ஒரு காலுக்கு ஒரே மாதிரி ஒர்க்அவுட், இன்னொரு காலுக்கு எடை, செட், ஓய்வு நேரம் எல்லாவற்றையும் மாற்றி மாற்றி. ஆளும் ஒருவர், சாப்பாடும் தூக்கமும் ஒன்று, கால்தான் வேறு. எட்டு வாரம் கழித்து இரண்டு காலும் ஒரே அளவு வளர்ந்திருந்தன. ஆளுக்கு ஆள் இருந்த வித்தியாசம்தான் பெரிது.

பலம் வேறு விஷயம். ஒரே ஒரு ரெப்புக்கு எவ்வளவு தூக்குகிறோம் என்பது நோக்கமென்றால், திட்டமிட்டு எடையையும் ரெப்பையும் மாற்றுவது உதவுகிறது. இந்தத் திட்டமிடலே 1960-களில் சோவியத் விளையாட்டு வீரர்களைப் போட்டித் தேதிக்குத் தயார் செய்வதற்காகப் பிரபலமானதுதான். நமக்கு எந்தத் தேதியில் என்ன போட்டி? தசை அளவுக்கு, செட்டுகள் சமமாக இருந்தால் இந்த மாற்றத்தால் தனி லாபம் தெரியவில்லை. 5 ரெப்போ 20 ரெப்போ, முடியாது என்கிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் வளர்ச்சி ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் ஓரிடத்தில் மாற்றம் நிஜமாகவே வேண்டும். ஸ்குவாட் (எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) மட்டும் செய்தால் தொடையின் முன்பக்கம் நடுவில் ஓடும் தசை அவ்வளவாக வளராது, லெக் எக்ஸ்டென்ஷன் (மெஷினில் உட்கார்ந்து முழங்காலை நீட்டுவது) வேண்டும். பின்தொடைக்கு லெக் கர்ல் (முழங்காலை மடக்குவது) வேண்டும். இது ஒரே வாரத்துக்குள் இருக்க வேண்டிய விதவிதம். இந்த மாதம் ஸ்குவாட், அடுத்த மாதம் எக்ஸ்டென்ஷன் என்று பிரித்துப்போட்டால் ஏதாவது ஒன்று எப்போதும் பட்டினிதான்.

நான் ஒரு பயிற்சியை மாற்றியது மூட்டுக்காகத்தான். படுத்துக்கொண்டு எடையை நெற்றிக்கு இறக்கும் டிரைசெப்ஸ் (மேல்கையின் பின்தசை) எக்ஸ்டென்ஷன் முழங்கையைக் கொன்றது, கேபிள் மெஷினுக்கு மாறினேன். மற்றதெல்லாம் ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓடுகிறது.

சுமைதாங்கி:
அப்போ எனக்கு நெஞ்சு வந்தது பொய்யா?

பழையநோட்டு:
பொய் என்று எப்படிச் சொல்வேன்? அந்த இரண்டு வருடத்தில் பெஞ்ச் எடை எவ்வளவு ஏறியது?

சுமைதாங்கி:
நோட்டு எழுதும் பழக்கமில்லை. 40-லேயே இருந்தது என்று ஞாபகம். புதுப் பிளானில் சலிப்பு போய் ஒழுங்காகத் தள்ள ஆரம்பித்தேன், அது உண்மை.

பழையநோட்டு:
எடை ஏறாத இரண்டு வருடம் பிளானே இல்லை, அது வெறும் பழக்கம். உங்களுக்கு வேலை செய்தது அந்த உற்சாகம்தான் என்று நினைக்கிறேன். 2019-லேயே இன்னொரு ஆய்வில், ஒவ்வொரு முறையும் பயிற்சிகளைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி மாற்றியவர்களுக்கு வளர்ச்சி மற்றவர்கள் அளவுக்குத்தான் இருந்தது, ஆர்வம் மட்டும் கூடியது. சலிப்பில் பாதி செட்டை விடுகிற ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

வியர்வைத்துளி:
சலிப்பு எனக்குப் பிரச்சினை இல்லை. அப்படியானால் ரெப்பை எப்படி வைத்துக்கொள்வது?

பழையநோட்டு:
50 கிலோவில் 3 செட், 8 ரெப்பில் தொடங்குங்கள். ஒவ்வொரு முறையும் எங்காவது ஒரு ரெப் கூட்டப் பாருங்கள். மூன்று செட்டிலும் 12 வந்ததும் 2.5 கிலோ ஏற்றி மறுபடி 8. நடுவில் ஒரு வாரம் நின்றுபோகும், பதறாதீர்கள். ஒரு மாதம் முழுக்க அசையவில்லை, தூக்கமும் சாப்பாடும் சரியாக இருக்கிறது என்றால், வாரத்துக்கு ஒன்றிரண்டு செட் கூட்டுங்கள். அப்புறமும் அசையாவிட்டால் பயிற்சியை மாற்றலாம்.

வியர்வைத்துளி:
சரி, ஆறு மாதம் பார்க்கிறேன். மாஸ்டர் ஒன்றாம் தேதி புதுப் பிளான் தருவாரே, அவரிடம் என்ன சொல்வது?

பழையநோட்டு:
ஒன்றும் சொல்ல வேண்டாம். நன்றி சொல்லி வாங்கி, மடித்து நோட்டுக்குள் வையுங்கள்.