முதல் எழுத்து அ-வா, ட-வா?

பலகைக்குச்சி: வேற இழையில ஒருத்தர், "வீட்டுல பிள்ளைக்கு எழுத்து சொல்லிக் குடுக்கும்போது அ, ஆ வரிசையை விட்டுட்டு ட, ப, ம-ன்னு தொடங்குறது தமிழையே தலைகீழாக்குற வேலை"ன்னு அருளியிருக்கார். அ எழுதச் சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நெட்டுக்கோடு எல்லாம் வேணும். ட-வுக்கு மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்படியே வலப்பக்கம் ஒரு கோடு. ப, ம சேர்த்து, புள்ளி வைக்கக் காட்டினா படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் பிள்ளையே வாசிக்கும். உங்க 12 உயிரெழுத்தை மட்டும் வச்சு என்னத்த வாசிக்கும்? ஆ, ஈ!

தாமிரபரணி: அந்த ஒருத்தர் நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ட சொல்லுக்கு முதல்ல வராதுன்னு தொல்காப்பியமே சொல்லுது. எந்தப் படத்தைக் காட்டுவீங்க, டமாரமா?

பலகைக்குச்சி: படமே வேண்டாங்கிறேன். அணில் படத்தைப் பார்த்து "அணில்"னு சொல்றது வாசிப்பா? படத்தைக் கையால மூடிட்டுக் கேளுங்க, முழிக்கும். எழுத்து சொல்லுக்கு நடுவுல வந்தாலும் கண்டுபிடிக்கணும். ஊர் ஊரா எழுத்தறிவு பரப்பின அறிவொளி இயக்கமே பட்டா, படின்னுதான் தொடங்கிச்சு.

தாமிரபரணி: அது பெரியவங்களுக்கு. "படம்"கிற சொல்லுல ட ஒரு ஒலி, "பட்டம்"ல வேற ஒலி. முதல் நாளே குழப்பம். ட-ல தொடங்குற சொல் இன்னும் வரல.

கமலா அக்கா: ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துறீங்களா? 3 வயசுல எழுத்தே வேணாம். கு-ரு-வின்னு கைதட்டிப் பிரிக்கச் சொல்லுங்க. அடுப்படியில கு-ல தொடங்குற சாமான் எதுன்னு கேளுங்க: குடம், குக்கர். தினம் 10 நிமிஷம் மடியில வச்சுக் கதை வாசிங்க, வரிக்கு அடியில விரல் ஓடட்டும்.

பலகைக்குச்சி: அக்கா, அதை யாரு மறுத்தா? எழுத்துன்னு வந்தா ட முதல்ல. "பானா, டானா, இம்மன்னா"ன்னு பேரை அடுக்கினா படம்னு சேராது. ப, ட, ம்-னு ஒலியாவே சொல்லணும். அடுத்து க, ல: கல், பல், கடல், பகல், கப்பல். அப்புறம் கால் போட்டு பால், மாமா. கெ, கே, கை எல்லாம் ரொம்பப் பின்னாடி. கொம்பு எழுத்துல முன்னாடி நிக்கும், காதுல பின்னாடி கேக்கும். அங்கதான் பிள்ளைங்க சறுக்குறது.

தாமிரபரணி: விஜயதசமிக்கு அரிசியில ட-தான் எழுத வைப்பீங்களோ?

பலகைக்குச்சி: அது சடங்கு, எழுதுறது அப்பா கை. பழகுறதுக்கு அரிசி ஆகாது, கோடு நிக்காது. அடர்நிறத் தட்டுல ரவையை மெல்லிசாப் பரப்புங்க, தட்டு தெரியுற அளவுக்கு.

கமலா அக்கா: ரவையா? எறும்புக்கு விருந்து! சலிச்ச மணல் போதும்.

பலகைக்குச்சி: மணல்னா கண்ணுல படும். எழுதி முடிச்சதும் ரவையை டப்பாவுல கொட்டி மூடினா எறும்பு எங்கிருந்து வரும்?

தாமிரபரணி: போன மாசம் இரட்டைக்கோடு நோட்டுக்கும் இதே ஆட்டம்தான் ஆடினார். அக்கா, ரவையை விடுங்க, ட-ல ஒரு சொல் கேளுங்க.

பலகைக்குச்சி: நோட்டு விஷயத்துலயும் நான் சொன்னதுதான் சரி. 5 வயசுக்கு முன்னாடி இரட்டைக்கோடு குடுத்தா பென்சிலை இறுக்கிப் பிடிக்கும், கை வலிக்கும், எழுதுறதையே வெறுக்கும். அந்த இழையில பாதியில ஓடினது யாருன்னு எல்லாரும் பார்த்தாங்க.